பாஞ்சாலையை நேரில் கூப்பிட வேண்டும்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உடைத்தது. விதைக்கு. எண்ணெய்க்குப் போவதை மிஷின் உடைக்கும். விதைப் பருப்பின் தோல் கிழியக் கூடாது. கையால்தான் உடைக்க வேண்டும். மண்டியில் அம்மாவோடு விதை உடைக்கும் பாஞ்சாலை சித்தி அரை மூட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா உடைத்தாள். நான் சொத்தை பொறுக்கினேன். நடுவில் சுவரைப் பார்த்து, "சும்மா இரு, பொண்ணு கீறா" என்றாள்.

அம்மா பெயர் ராணியம்மாள். அப்பா இறந்த 1974இல் அவளுக்கு ஓர் ஆண்குரல் கேட்கத் தொடங்கியது. மந்திரித்த கயிறெல்லாம் முடிந்து வேலூர் டாக்டரிடம் போனோம். மனச்சிதைவு என்றார். மாத்திரை எழுதிவிட்டு, பகலில் யாரோடு இருப்பாள் என்று கேட்டார். மண்டியில் விதை உடைக்கும் பெண்களோடு என்றேன்.

"மாத்திரை பாதிம்மா. அந்தப் பொம்பளைங்க பாதி. ரெண்டையும் நிறுத்தாதீங்க."

பாஞ்சாலைதான் ஆரம்பிப்பாள்.

"ராணிக்கா, உங்காளு இன்னிக்கி என்னா சொல்றாரு?"

"ஒன் வாய மூடச் சொல்றாரு."

"அவரையே வந்து மூடச் சொல்லு."

மண்டியே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள். கை நிற்காது. இப்படியே பத்து வருஷம் ஓடியது. நான் பாலிடெக்னிக் முடித்து, பொதுப்பணித் துறையில் வரைபடம் போடும் வேலைக்குப் போனேன்.

1984 தை மாதம் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அம்மாவின் தம்பி வேடியப்பன் மாமா வந்தார்.

"அக்கா தனியா பேசறத அவங்க பாத்தா முடிஞ்சிது. தாலி ஏறுற வரைக்கும் எங்கூட்ல இருக்கட்டும். காசிக்குப் போயிருக்காங்கனு சொல்லிக்கலாம்."

மாமா வீடு ஊருக்கு வெளியே வேங்கிக்காலில், புது மனையில். சுற்றிலும் காலி நிலம். பகலில் மாமாவும் அத்தையும் வேலைக்குப் போய்விடுவார்கள். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தார்கள். மீதி நேரம் அம்மாவோடு அந்தக் குரல் மட்டும் இருந்தது. பங்குனியில் சோற்றில் ஏதோ கலந்திருப்பதாகத் தட்டைத் தள்ளத் தொடங்கினாள்.

கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகை அச்சாகி வந்தது. எங்கள் பக்கம் பெண்ணின் தாய் நேரில் போய்க் குங்குமம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"பாஞ்சாலைய நாந்தான் போயி கூப்புடணும்."

"நாங்க பாத்துக்கறோங்க்கா" என்றார் மாமா.

மறுநாள் பகலில் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பியிருக்கிறாள். மண்டிக்குப் போகும் வழியில், வேலூர் ரோட்டில் லாரி அடித்தது. ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தவை: மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று, மூடிய குங்குமச் சிமிழ்.

காசியிலிருந்து திரும்பும்போது விபத்தில் இறந்துவிட்டாள் என்று மாமா மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். ஒரு வருஷம் கழித்துக் கல்யாணம் வைத்தார்கள். பாஞ்சாலை சித்தியை அழைக்க நானே மண்டிக்குப் போனேன். அவள் கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே வைக்கவில்லை.

"ராணிக்கா வந்து கூப்புடணும்டி" என்றாள்.

கல்யாணத்துக்கு அவள் வரவில்லை.