செவ்வாய் ராத்திரி இரண்டு மணி

நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். நேரில் பேசவே கூச்சப்படுகிறவன். ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஐப்பசி அடைமழை சமயம். போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணியில் நடந்தது. அங்கே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சைக் காயைச் சூட்டு அறையில் தட்டுகளில் பரப்பி வைத்து உலர்த்திக் கொடுக்கிற இடம். சொந்தமாக அறை கட்ட முடியாத சிறு விவசாயிகள் முன்கூட்டியே போன் பண்ணி முறை வாங்கிக்கொள்வார்கள். எடுத்த காய் அன்றைக்கே சூட்டுக்குப் போய்விட வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் புழுங்கி வெளுத்துவிடும். பச்சை போன காயை ஏலத்தில் யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

யாருக்கு எப்போது முறை என்று குறிப்பது என் வேலை. முன்பெல்லாம் சுவரில் இருக்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவேன். பிறகு முதலாளி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். செல்போனில் தமிழ் வீடியோக்களைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரோகிராம் எழுதப் பழகினேன். ஆட்கள் வாயால் சொல்லும் கிழமையையும் நேரத்தையும் கம்ப்யூட்டருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றுவதுதான் அதில் பெரிய பாடு. முதலில் மாதத்தைத் தேதி என்றும், தேதியை மாதம் என்றும் படித்துக் குழப்பியது. வருஷம் முன்னால், அடுத்து மாதம், அடுத்து நாள் என்று வைத்துச் சரிசெய்தேன். சாயங்காலம் ஆறு என்றால் பதினெட்டு, ராத்திரி பத்து என்றால் இருபத்திரண்டு. ராத்திரி பன்னிரண்டு என்றால் பூஜ்யம் என்று கண்டுபிடித்த அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ராத்திரி இரண்டு என்றால் இரண்டேதான், மாற்ற ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

முறை தாண்டியும் ஆள் வராவிட்டால் பெயர் சிவப்பாக மாறும்படியும் செய்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஒருவரின் முகத்தைப் பார்த்து ‘உங்கள் முறை போய்விட்டது’ என்று சொல்ல எனக்கு வராது. அதைத் திரை சொல்லட்டும் என்று வைத்தேன்.

அதுவரை காலையிலும் சாயங்காலத்திலும்தான் அறையில் சரக்கு மாறிக்கொண்டிருந்தது. மழை பிடித்ததும் காய் உலர நேரம் கூடியது. அகாலத்திலும் சரக்கு மாற்ற வேண்டி வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு பெயர் சிவப்பில் இருந்தது. மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் பெயர். அவர் வீட்டுக்காரர் நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து, மாதக்கணக்கில் படுத்த படுக்கை. அந்தப் பெண் தனியாகத்தான் தோட்டத்தைப் பார்க்கிறார். முறைக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி ஆட்கள் அந்த அறையில் அடுத்தவர் காயை ஏற்றியிருந்தார்கள். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கூச்சம், பண்ணவில்லை. அதே திரை, புதன்கிழமை 02:00 மணிக்கு ஓர் அறை காலி என்று காட்டியது. மலையில் தோட்டம் உள்ள, சிலமலை என்ற ஊர்க்காரர் ஒருவர் இடம் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். அவரைப் போனில் வரச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சிலமலைக்காரரின் மூட்டைகள் வந்து இறங்கின. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஜீப் வந்தது. தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு அந்தப் பெண் இறங்கினார்.

“எந்த அறைண்ணே? வெரசா எறக்கிட்டுப் போறேன். ஜீப்புக்கு இன்னொரு லோடு இருக்காம்.”

“ஒங்க முறை நேத்து ராத்திரியே போயிருச்சும்மா” என்றேன், திரையைப் பார்த்தபடியே.

“நேத்தா? செவ்வா ராத்திரி ரெண்டு மணிக்குன்னுல்ல கேட்டேன்?”

“அதான் போட்டிருக்கு. செவ்வா, ரெண்டு மணி. நீங்க வரல.”

ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தார். “ஏண்ணே, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு இந்தக் காயி செடியிலல்ல தூங்கிக்கிட்டு இருந்துச்சு? அப்பவே கொண்டான்னா எப்படிக் கொண்டாரது?”

சுமை இறக்குபவர்கள், அடுப்புக்கு விறகு போடுபவர் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் பழகிய கம்ப்யூட்டரைச் சொல்லிச் சிரிக்கிறார்களே என்று பட்டது. என் வாழ்நாளில் யாரிடமும் உரக்கப் பேசாதவன் அன்றைக்குச் சத்தம் போட்டேன்.

“சொன்ன நேரத்துக்கு வராம இப்ப வந்து நின்னா நான் அறைக்கு எங்கிட்டுப் போறது? வீட்டுல ஆம்பளை இருந்து சோலியப் பாத்தா இப்படி ஆகுமா?”

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து, ஒரு கை காயை அள்ளி என் மேஜையில் வைத்தார். மழைத் தண்ணீர் மேஜையில் ஓடியது.

“இன்னைக்கு எடுத்த காயிண்ணே. தொட்டுப் பாருங்க.”

நான் தொடவில்லை. மறுபடியும் திரையைத்தான் பார்த்தேன்.

அதுவரை ஓரமாக நின்ற சிலமலைக்காரர் பக்கத்தில் வந்தார். “அப்பு, எனக்கு எத்தனை மணிக்கு அறை தர்றேன்ன?”

“இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி.”

“இன்னைக்கு என்ன கெழம?”

“செவ்வா...” என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

“அதத்தானப்பா இந்தத் தாயும் கேக்குது.”

நம் பக்கத்தில் விடிந்தால்தான் கிழமை மாறும். செவ்வாய் ராத்திரி இரண்டு மணி என்றால், புதன் விடிவதற்கு முந்தைய இருட்டு. கம்ப்யூட்டருக்கு நடுராத்திரியோடு கிழமை மாறிவிடும். அதற்குச் செவ்வாய் இரண்டு மணி என்றால், திங்கள் ராத்திரி தாண்டி வருகிற இருட்டு. அந்தப் பெண்ணின் முறையை அப்படித்தான் ஒரு நாள் முன்னால் தள்ளி, வரவில்லை என்று காட்டியிருக்கிறது. அதே திரை காட்டிய புதன் இரண்டு மணியை மட்டும், சிலமலைக்காரருக்குப் போன் பண்ணும்போது என் வாய் ‘இன்னைக்கு ராத்திரி’ என்று தானாகவே மாற்றிச் சொல்லியிருக்கிறது. எனக்குத் தெரிந்ததைப் புரோகிராமுக்குச் சொல்லித்தர விட்டுப்போயிற்று.

“நமக்கெல்லாம் கோழி கூவுனாத்தான் விடியும். இவரு பெட்டிக்கு நடுச்சாமத்துலயே விடிஞ்சிருது” என்றார் சிலமலைக்காரர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இருப்பதோ ஓர் அறை, இரண்டு பேருடைய காய். மற்ற அறைகளில் பாதி காய்ந்த சரக்கு. கதவைத் திறந்தால் அதுவும் கெடும். சிலமலைக்காரர்தான், “விடு தாயி. தட்டுல ஒம்பாடு பாதி, எம்பாடு பாதி. மிச்சத்தத் தரையில பரத்திப் போடுவோம். போறது ரெண்டு பேருக்கும் போகட்டும்” என்றார். ஒரு குற்றமும் செய்யாத மனிதர்.

நான் எழுந்து அந்தப் பெண்ணின் சாக்கைத் தூக்கப் போனேன். “வேணாம்ண்ணே” என்று அவரே இழுத்துத் தூக்கிக்கொண்டார். நாலு அடி போனவர் நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அவரு எந்திரிச்சு நடந்தா நான் ஏண்ணே மழையில வரப்போறேன்?”

மன்னித்துவிடும்மா என்று சொல்ல நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசத் தெரிந்த வாய்க்கு, அதைச் சொல்ல வரவில்லை. ஈரத் தரையைத் துடைத்து, சாக்கை விரித்து, அவர் காயை மெலிசாகப் பரப்பினேன். அவ்வளவுதான் செய்தேன்.

புரோகிராமில் ஒரு வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. ராத்திரி என்று சொல்லி, மணி பன்னிரண்டிலிருந்து விடியலுக்குள் இருந்தால் தேதியில் ஒரு நாளைக் கூட்டு. சேர்த்துவிட்டேன். சிவப்பு நிறத்தை எடுத்துவிட்டேன். இப்போது முறைக்கு யாராவது வராவிட்டால் நானே போன் பண்ணிக் கேட்கிறேன், குரல் நடுங்கினாலும். அந்தப் பெண் இன்னமும் எங்கள் ஸ்டோருக்குத்தான் வருகிறார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊரில் என்னை அடக்கமான ஆள் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் மதியம் இன்னோர் அறை காலியானது. தரையில் கிடந்த அவர் காயை அதில் ஏற்றினோம். அதற்குள் அது வெளுத்திருந்தது.