சிமிட்டும் விளக்கோடு தஞ்சோங் டாவாய் போய் வந்தது

தஞ்சோங் டாவாய்க்கு மோட்டார் சைக்கிளில் போகலாமா, திரும்பும்போது இருட்டிவிட்டால் ரோடு எப்படி இருக்கும் என்று ஒரு தம்பி இங்கே கேட்டிருந்தார். அந்த ரோட்டில் நான் மோட்டார் சைக்கிளில் போனது ஒரே முறைதான். அதுவும் ஜப்பான்காரன் காலத்தில், கெடாவைச் சயாம்காரன் கையில் கொடுத்திருந்தபோது. இன்றைக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு உதவுமோ தெரியாது. என் வயதில் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருசம். பீடோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். டாக்டர் கிடையாது, ஊசி, மருந்து, கட்டு எல்லாம் அவர்தான். வெள்ளைக்கார மானேஜர் ஓடும்போது விட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் தொட்டி பொருத்தியது. நோயாளிகளை ஏற்றிவர அனுமதி கொடுத்திருந்தார்கள். பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில்தான் ஓட்டம். நாங்கள் போன வழியை அரை மணி நேரம் கழித்தும் மூக்காலேயே கண்டுபிடிக்கலாம்.

என் அண்ணன் மாரிமுத்து கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது அவனையும் கொண்டுபோய்விட்டார்கள். போனவன் போனவன்தான் என்று அழுது முடித்திருந்தோம். ஒருநாள் காலையில் கருவாடு விற்கும் மலாய்க்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அலோர் ஸ்டார் தாண்டி ரயில் மெதுவானபோது அண்ணன் குதித்திருக்கிறான். கரையோரமாகவே தெற்கே நடந்து, தஞ்சோங் டாவாயில் பாக் மாட் என்ற மீன்பிடிக்காரர் வீட்டு வாசலில் விழுந்திருக்கிறான். காய்ச்சல் உச்சத்தில் இருக்கிறதாம்.

"நானும் வரேங்க" என்றேன்.

"வா. தெரிஞ்ச முகம் இருந்தாத்தான் அவன் பயப்படாம ஏறுவான்."

போக ஏறக்குறைய பதினெட்டு மைல். வெயில் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். ஏனென்றால் வண்டியின் முன்விளக்கு சரியில்லை. நிறுத்தி வைத்தால் அழகாக எரியும். ஓட்டினால் அணையும், பிறகு தானாகவே எரியும். வீட்டுக்காரர் பல்பின் அடியைத் தேய்த்துப் பார்த்தார். பேட்டரி முனைகளைச் சுரண்டிப் பார்த்தார். சுங்கை பட்டாணியில் ஒரு சீனர் பட்டறையில் காட்டியபோது பட்டறைக்காரர் முன்னால் அது ஒருமுறைகூட அணையவில்லை. "லம்பு நல்லாத்தான் இருக்கு லா" என்று அனுப்பிவிட்டார்.

செமிலிங் தாண்டியதும் வலது பக்கம் ஜெராய் மலை மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றது. வயலில் கொக்குகள் எங்கள் புகைக்குக்கூட எழவில்லை. தொட்டியில் தாழ உட்கார்ந்திருந்ததால் ரோடு மடிக்குள்ளே ஓடி வருவதுபோல இருந்தது. இந்தப் பக்கம் சண்டை, பஞ்சம் எதுவுமே வந்து சேரவில்லையோ என்று நினைத்தேன். ரோடு முடிந்த இடத்தில் கடல். நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. ஆறு எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளி நிறம். அண்ணனைப் பார்க்க வந்ததை ஒரு நிமிசம் மறந்தே போனேன்.

பாக் மாட் வீட்டுப் பலகைத் தரையில் அண்ணன் சுருண்டு கிடந்தான். கன்னம் ஒட்டி, கால் இரண்டும் புண். என்னைப் பார்த்தான், ஆனால் தெரிந்துகொள்ளவில்லை. குளிர் நடுக்கம் வந்து அந்தப் பலகைத் தரையே ஆடியது. என் வீட்டுக்காரர் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையைக் கரைத்து ஊட்டினார். நடுக்கம் அடங்காமல் வண்டியில் ஏற்ற முடியாது. காத்திருந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது.

"ராத்திரி இங்கேயே இருந்துடலாங்க" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

பாக் மாட் கூடாதென்று தலையாட்டினார். "நாளைக்குச் சோல்ஜர் வந்து வீடு வீடாப் பார்ப்பான். இப்பவே போயிடுங்க."

அண்ணனைத் தொட்டியில் படுக்கவைத்துப் போர்வையால் சுற்றினோம். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மெர்போக் வருவதற்குள் இருட்டிவிட்டது. ஒரு பக்கம் யாரோ ஒருவரின் ரப்பர் மரங்கள். இன்னொரு பக்கம் உப்புத்தண்ணீரில் நிற்கும் ஆற்றோர மரங்கள். அந்த மரங்களில் மின்மினிகள், ஆயிரக்கணக்கில். எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. எங்கள் விளக்கும் எரிந்து எரிந்து அணைந்தது. எது விளக்கு, எது பூச்சி என்று தெரியாத ஒரு மயக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன்.

எதிரே சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் கையை நீட்டி நிறுத்தினார். "டிரஸ்ஸர், உங்க விளக்கு ஏன் இப்படிச் சிமிட்டுது? முன்னாடி பாலத்துல ஜப்பான்காரன் இதையே பார்த்துக்கிட்டிருக்கான். கடல்ல வெள்ளைக்காரன் கப்பலுக்குச் சாடை காட்டுறவன்னு நினைப்பான்."

"அணைச்சுட்டுப் போனா?"

"அதுக்கும் சுடுவான்."

அவர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். விளக்கின் தலையில் தட்டினார், எரிந்துகொண்டே இருந்தது. என் கண் முன்னால் வந்த வழி முழுக்க ஓடியது. நேர் ரோட்டில் எரிந்தது. ஆறு வளைந்த இடங்களில் அணைந்தது.

"ஏங்க, குழியில அணையல. வளைவுலதான் அணையுது. அதுவும் இடது கைப் பக்கம் திரும்புறப்ப."

ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினார். எரிந்தது. இடப்பக்கம் திருப்பினார். அணைந்தது. திரும்பவும் வலம், திரும்பவும் இடம். இருட்டில் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. விளக்கிலிருந்து வரும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஹேண்டில் கழுத்தருகே, மேலே சுற்றிய துணி கிழியாமல் இருந்தது. உள்ளே மட்டும் தொளதொளவென்று மடங்கியது.

"தோலு நல்லாத்தான் இருக்கு அஞ்சலை. எலும்புதான் உள்ள முறிஞ்சிருக்கு."

கட்டுப்போடும் கத்தரியால் வயரை வெட்டி, துணியைச் சுரண்டி, இரண்டு முனையையும் முறுக்கினார். திரும்பும்போது இழுக்காதபடி கொஞ்சம் தளர்த்தியும் விட்டார். மேலே சுற்ற எதுவுமில்லை. பிளாஸ்திரி தீர்ந்து மாசக்கணக்கு ஆகியிருந்தது. நான் ரப்பர் மரங்களுக்குள் ஓடி, பால் வடிய வெட்டிய கோட்டைக் கையால் தேடி, அதில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நாடாபோல உரித்துக் கொண்டுவந்தேன். இழுத்து இழுத்துச் சுற்றினார். ஒட்டிக்கொண்டது.

பாலத்தில் சிப்பாய் துப்பாக்கியோடு நடு ரோட்டில் நின்றான். இறங்கிக் குனிந்து வணங்கினோம். வீட்டுக்காரர் அனுமதிச் சீட்டைக் காட்டி, "சாகிட், சாகிட்", நோயாளி என்று மலாயில் சொல்லி அண்ணனைக் காட்டினார். சிப்பாய் போர்வையை விலக்கி, நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு விளக்கின் முன்னால் வந்து நின்று உற்றுப் பார்த்தான். கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தான். ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து வலப்பக்கம் இழுத்தான். பிறகு இடப்பக்கம், முட்டும் வரைக்கும்.

விளக்கு எரிந்தது. பாலத்துக் கட்டைகள்மேல் மஞ்சளாக அப்படியே விழுந்து கிடந்தது. அவன் ஏதோ சொன்னான், கையை வீசினான். போனோம்.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். சாயங்காலம் தாராளமாகப் போகலாம், கடல் அப்போதுதான் அழகு. பழைய வண்டி என்றால் கிளம்புமுன் விளக்கைப் போட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். விட்டு விட்டு எரிந்தால் பல்பு வாங்க ஓடாதீர்கள். அது எப்போது அணைகிறது என்று முதலில் கவனியுங்கள். வயர் மடங்கும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம். இரண்டு பேராகப் போவது நல்லது.

தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் அண்ணன் கண்ணைத் திறந்தான். வழியில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. எஞ்சின் சத்தம் நின்றதில் பயந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எந்த ஸ்டேசன் இது?"

"பீடோங் அண்ணே. நான் அஞ்சலை."

என் முகத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "இறங்கலாமா?" என்று கேட்டான்.

"இறங்குண்ணே" என்றேன்.