காப்புக்கு முன் ஊசி

காளித்தாயை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம், வேலூரில் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவள் என் அக்கா முனியம்மா. இடுப்பில் தையல் தழும்போடு அவள் சாமைக் கொல்லையில் களை எடுத்தாள். முப்பது வயது ஆண்பிள்ளை நான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊற்றில் நாலுபேர் பார்க்கச் சட்டையைக் கழற்றிக் குளித்ததே இல்லை.

ஆடி மழை தொடங்கியதும் எங்கள் மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் வாந்திபேதி என்று செய்தி வந்தது. தடுப்பூசி போட எங்கள் ஊருக்கும் ஆட்கள் வரப்போகிறார்களாம். வேலூரில் டாக்டரிடம் கேட்டேன்.

“உனக்கு இப்ப வேணாம்ப்பா. சிறுநீரகம் ஒத்துப்போறதுக்குக் குடுக்குற மாத்திரை உடம்போட எதிர்ப்புச் சக்திய அடக்கி வெச்சிருக்கு. ஊசி போட்டாலும் பலன் இருக்காது. மாத்திரை அளவு குறையட்டும், நானே சொல்றேன். அதுவரைக்கும் தண்ணியக் காய்ச்சிக் குடி. சுத்தி இருக்கிறவங்க போட்டுக்கட்டும்.”

சுற்றி இருப்பவர்கள் என்றால் ஊர் முழுக்கத்தான். எல்லோருக்கும் ஒரே ஊற்று. ஆனால் காளியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை எங்கள் ஊரில் யார் உடம்பிலும் ஊசிமுனை படக்கூடாது. காப்பு வெள்ளிக்கிழமை. ஊசிக்காரர்கள் வருவது அடுத்த திங்கள்.

அக்காவிடம் வாங்கியது போதாதென்று ஊரிடமும் கையேந்துவதா? வாய் வரவில்லை. கோயிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் அழுதேன். ‘தாயே, அக்கா கொடுத்ததை வாந்திபேதிக்குக் கொடுத்துவிடாதே’ என்றேன். வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

ஊர்க்கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

“எந்தம்பி கேக்கமாட்டான், வெக்கப்பட்றான். நான் கேக்கறேன். காப்பத் தள்ளி வைங்க.”

தலையைக் குனிந்த நான் நிமிரவில்லை. ஊர்க் கவுண்டர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி அம்மன் தோளில் பூ வைத்து வாக்குக் கேட்டார். வலது பக்கத்துப் பூ விழுந்தது.

“தாயே காத்திருக்கேன்னுட்டா. நமக்கு இன்னா அவசரம்? ஊசி போட்டுக்கினு காப்புக் கட்டலாம்” என்றார் கவுண்டர்.

ஊசி என்றால் காட்டுக்குள் ஓடுகிற ஜனம், அந்தத் திங்கள்கிழமை வரிசையில் நின்றது. முதலில் அக்கா. கவுண்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். ராத்திரி முழுக்க வீட்டுக்கு வீடு காய்ச்சல். மறுநாள் காப்புக் கட்டும்போது பம்பைக்காரர் வீங்கின தோளோடு முகத்தைச் சுளித்துக்கொண்டே அடித்தார். ஊரில் கை வலிக்காதவன் நான் ஒருவன்தான். அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த மழைக்காலம் எங்கள் ஊருக்கு வாந்திபேதி வரவில்லை.

மறுவருடம் டாக்டர் சரி என்றார். வரிசையில் முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். தழும்பை எல்லோரும் பார்த்தார்கள். கை வீங்கியது, காய்ச்சலும் வந்தது.

“வலிக்குதாடா?” என்றாள் அக்கா.

“வலிக்குதுக்கா” என்று சொல்லிச் சிரித்தேன், அழுகையும் வந்தது.

உங்களுக்கும் கேட்க வெட்கமாக இருக்கலாம். வெட்கத்தோடேயே கேளுங்கள். எனக்காகத் தன் காப்பையே தள்ளிவைத்துக் காத்திருந்தவள், உங்களையும் கைவிடமாட்டாள்.