என் முட்டிக்காக மருமகள் தூக்கிய மணல் பை

துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து முட்டி எலும்பு விரிசல் விட்டுப்போனது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துப் பார்த்தால் கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, மடங்க மாட்டேன் என்கிறது.

எனக்கு ஒரே கவலைதான். கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, மீஞ்சூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குத் தனியாகப் போய் வருகிறவள் நான். கைகொடுத்து ஏற்றிவிட ஒருத்தரையும் விட்டதில்லை. "பிசியோ பொண்ணு சரின்னு சொன்னாதான் ரயிலு" என்று மகன் சொல்லிவிட்டான்.

அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை முட்டியில் வைத்து, எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தாள். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை.

"ஊசி போடாத டாக்டரு இன்னா டாக்டரு?" என்றேன்.

"நான் டாக்டர் இல்ல ஆயா, பிசியோ. எலும்ப ஒட்ட வெச்சது டாக்டரு. நடக்க வெக்கிறது நானு."

அரைக் கிலோ மணல் பையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டுமாம். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. நாலாவது தூக்கலிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் யோசனை வந்தது. நான் கட்டோடு கிடந்தபோது எனக்காக அம்மன் கோயிலை நூற்றியெட்டு சுற்று சுற்றியவள் என் மருமகள். சுற்றியது அவள், எலும்பு கூடியது எனக்கு. இதையும் அவளே செய்தால் என்ன?

கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்தவளிடம் பையை நீட்டினேன்.

"இன்னா அத்த இது! கோயிலும் இதுவும் ஒண்ணா?"

"என் பேரு, நட்சத்திரம் சொல்லிக்கினு தூக்குடி."

பாவம், தூக்கினாள். வெற்றிலை மென்றபடி நான் எண்ணினேன். நடுவில் கணக்கு விட்டுப்போகும். மறுபடி ஒன்றிலிருந்து தூக்கச் சொல்வேன்.

இரண்டு வாரம் கழித்து வந்த பிசியோ பெண் அளந்து பார்த்தாள். ஒரு கோடுகூட ஏறவில்லை.

"தினமும் செஞ்சீங்களா ஆயா?"

"ஒரு நாள் நின்னதில்ல" என்றேன். பொய்யா சொன்னேன்?

மருமகளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். பிசியோ பெண் அவள் காலைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, ஃபுட்பால் ஆடப் போலாம் நீங்க!" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சாமி அட்ரஸ் பாத்து அனுப்பும் ஆயா. உங்க தசைக்கு அட்ரஸ் தெரியாது. இப்பிடியே இருந்தா ரயிலுல உங்கள மூட்ட மாதிரி தூக்கித்தான் ஏத்தணும்."

மூட்டையா? நானா?

மறுநாள் விடியற்காலையிலேயே பையை என் காலில் கட்டிக்கொண்டேன். எண்ணுகிற வேலை மருமகளுக்கு. பதினெட்டு வந்ததும் கையை விரித்தாள் அந்தக் கள்ளி: "கணக்கு வுட்டுப்போச்சு அத்த. மொதல்லேர்ந்து வா."

அளவுகோலில் கோடு ஏறி, பிசியோ பெண் தலையாட்டிய வாரமே ஸ்டேஷனுக்குப் போனேன். மகன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்து நானே ஏறினேன்.

மீஞ்சூரில் தங்கச்சி முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் வலிக்குதுக்கா. உன் மருமவதான் நல்லா தூக்குறாளாமே? எனக்கும் சேத்துத் தூக்கச் சொல்லேன்."

"மொதல்ல அந்த பிசியோ பொண்ணாண்ட காட்டு. அது சொன்னா நீயே தூக்கு" என்றேன். "எண்ணுறதுக்கு நான் வரேன்."