நான் கொடுத்த கிட்னி

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலைக்குக் கூலிக்குப் போய், அதே மாதிரி ஆலையைச் சொந்தமாகக் கட்டியவன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. மனைவிக்கு இரண்டு கிட்னியும் போனபோது, என்னுடையதை எடுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சோதித்துவிட்டு, இந்த வயதுக்கு அருமையான கிட்னி என்றார்கள். மம்சாபுரத்தில் அவள் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டு அதைச் சொன்னேன்.

அவளுக்கு வைத்த புதிதில் மூத்திரம் தாராளமாகப் போனது. பார்க்க வந்தவர்களிடம் பையைக் காட்டி, நம்ம சரக்கு எம்புட்டு வேலை செய்யுது பாருங்க என்பேன். பொறவு குறைந்தது. ஒரு காலையில் பையின் அடி நனையுமளவுதான், அதுவும் சிவப்பாக. கிட்னியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள்.

அவள் உடம்பே ஆன்டிபாடி என்ற ஒன்றை உண்டாக்கி, என் கிட்னிக்குள் இருக்கிற மயிரிழை ரத்தக்குழாய்களைத் தாக்குகிறது என்றார் டாக்டரம்மா. உள்சுவர் வீங்கி, ரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறதாம். எனக்குத் தெரிந்தது பாய்லர். குழாயில் உப்புப் படிந்தால் ஆசிட் விட்டுக் கழுவுவோம், அப்படி ஏதாவது செய்யுங்கள் என்றேன். ரத்தத்தை மெஷினில் விட்டு ஆன்டிபாடியை வடிக்கிறோம், ஆனால் இது மேலே படிகிற உப்பு இல்லை, சுவரே புண்ணாகிறது என்றார்.

என் கிட்னி மேல் அப்படி என்ன பகை என்று கேட்டேன்.

"மூணு பிள்ளை பெத்திருக்காங்கள்ல ஐயா. வயித்துல பிள்ளை இருக்கும்போதே, அதுல உங்க பங்கு எதுன்னு அவங்க உடம்பு எதிரியா தெரிஞ்சு வச்சிருக்கு. சோதிச்சப்போ பதுங்கியிருந்துச்சு. இப்ப முழிச்சிருச்சு."

அந்தப் பிள்ளைகளைச் சொல்லித்தான் ஊரில் மீசையை முறுக்கினவன் நான்.

இதை அவளிடம் சொன்னபோது காய்ந்த உதட்டோடு சிரித்தாள். "இம்புட்டு வருசம் உங்கள எதுத்து ஒரு வார்த்தை பேசல. ஒடம்பு எல்லாத்தையும் சேத்து வச்சிருந்திருக்கு."

வடித்தும் பார்த்தார்கள், விலை கூடின மருந்தும் ஏற்றினார்கள். கேட்கவில்லை. இன்னொன்று இருக்கிறது, அதையும் எடுங்கள் என்று டாக்டரம்மா முன்னால் கை கூப்பி நின்றேன்.

"அதுவும் உங்களோடதுதானே ஐயா."

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்தி அவள் கை கன்றிக் கிடக்கிறது. இறந்தவர் கிட்னிக்குப் பதிந்திருக்கிறோம். ஆன்டிபாடி ஏறிவிட்டதால் பொருந்துவதே அபூர்வம் என்கிறார்கள். தறிச் சத்தத்தில் ஆஸ்பத்திரி அழைப்பு கேட்காமல் போய்விடுமோ என்று போனை நெஞ்சோடு வைத்திருக்கிறேன். அந்த அழைப்பு வரவேண்டுமென்றால் எங்கேயோ ஒரு வீட்டில் சாவு விழ வேண்டும். தெரிந்துதான் காத்திருக்கிறேன்.