கணக்கில் தோற்ற இருவர்

கணக்குப் பரீட்சையில் தோற்றுவிட்டு மதுரையிலிருந்து ஊருக்கு வந்த என்னை மாலை போட்டு வரவேற்றார்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே போட்டார்கள். உத்தமபாளையத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் அதுவரை சர்வகலாசாலைப் பரீட்சை எழுதியவர்கள் எவரும் இல்லை. எழுதியவர்களே இல்லாத ஊரில் தோற்றவன் எப்படியிருப்பான் என்று யாருக்குத் தெரியும்? மாதா கோயில் வாசலில் வண்டி நின்றதும் சாமந்தி மாலை கழுத்தில் விழுந்தது. மேளத்துக்கும் சொல்லியிருந்தார்களாம், நல்ல வேளையாக மேளக்காரர்கள் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு பாடத்தில் தோற்றால் எல்லாவற்றிலும் தோற்றதாகத்தான் அர்த்தம். ஆங்கிலத்தில் நல்ல மார்க்கு, தமிழில் அதைவிட நல்ல மார்க்கு. அல்ஜீப்ரா என்ற ஒன்று மட்டும் என் கழுத்தைப் பிடித்துவிட்டது. இதை அன்று இரவே தகப்பனாரிடம் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

"அய்யா, நான் தோத்துட்டேன்."

"எவன்கிட்டத் தோத்த?" என்றார். சிலம்பம் என்று நினைத்தாரோ, கோர்ட்டு வழக்கு என்று நினைத்தாரோ, சண்டைக்குப் போகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருகிட்டயும் இல்லய்யா. கணக்குல."

"போடா, கணக்குல தோக்குறதாவது. மனுசன்கிட்டத்தான் தோக்க முடியும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

தாயாரிடம் வேறு வழியில் முயன்று பார்த்தேன். தெரியாத ஒரு தொகைக்கு எக்ஸ் என்று பெயர் வைத்து, அதைக் கண்டுபிடிக்கும் வித்தை எனக்குச் சரியாக வரவில்லை என்றேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை நிறுத்தினார். "எதுன்னே தெரியாததுக்கு எதுக்குச் சாமி பேரு வைக்கணும்? தெரிஞ்சதும் வச்சுக்கிட்டாப் போதாதா?" என்றார். பிறகு நான் இளைத்துப்போனதைப் பற்றிப் பேச்சு திரும்பியது. என்னைப் படிக்க அனுப்பிய மாதா கோயில் சாமியாராவது புரிந்துகொள்வார் என்றால், அவர் அதற்குள் வேறு பங்குக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

திட்டினால் கூடத் தாங்கியிருப்பேன். எல்லாரும் மரியாதை செய்தார்கள். "படிச்சு முடிச்சு வந்துட்டாக" என்று எழுந்து நின்றார்கள், மனு எழுதிக் கேட்டு வந்தார்கள், நோய்க்கு மருந்து கூடக் கேட்டார்கள். அத்தனை பேர் நடுவில் இருந்தும், எனக்கு நடந்தது இன்னது என்று அறிந்த ஓர் ஆள் அந்த ஊரில் இல்லை. அதைப் போன்ற தனிமையை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. காய்ச்சல் கண்டவனுக்கு விருந்து வைத்தது மாதிரி இருந்தது.

அறிந்த ஒருவன் பெரியகுளத்துப் பக்கம் ஜெயமங்கலத்தில் இருந்தான். மதுரையில் ரிசல்ட்டு ஒட்டிய அன்று பலகைக்கு முன்னால் எல்லாரும் கலைந்துபோன பிறகும் நின்றவர்கள் நாங்கள் இருவர்தான். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் தேடிவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான். "ஏலே, ஒன் பேரும் இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தான். ஒரே வகுப்பில் இருந்தும் அதுவரை நாங்கள் பேசியதில்லை. அவன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை, நான் வேதக்காரன், கிறிஸ்தவன். தோற்றதில் ஒரு சௌகரியம், யார் எந்தச் சாதி என்று பார்க்கத் தோன்றாது. அன்று தெருமுனையில் நின்று இருவரும் வயிறு வலிக்கும் வரை பணியாரம் தின்றோம்.

மறுபடி எழுதுவது என்று முடிவு செய்தது அவன்தான். அதற்குக் காரணமும் அவன்தான் வைத்திருந்தான். சென்னையில் ஒரு கலாசாலையில் வர்த்தக வகுப்பு என்று புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வியாபார ஸ்தலத்தை எப்படி நடத்துவது, வரவு செலவை இங்கிலீஷ் முறையில் எப்படி எழுதுவது, கூட்டு வியாபாரத்தின் சட்டம் என்ன என்றெல்லாம் பாடம். அதில் சேர இந்தப் பரீட்சை தேற வேண்டும், கணக்கு முக்கியம். இரண்டு பேரும் தேறி, சென்னைக்குப் போய்ப் படித்துத் திரும்பி, தேனியில் கூட்டாக ஒரு மண்டி வைப்பது. இதுதான் அவன் ஏற்பாடு.

இப்போது ரயில் வந்துவிட்ட தேனியைப் பார்ப்பவர்கள் நான் சொல்வதை நம்ப மாட்டார்கள். அன்றைக்கு அது பெரியகுளம் சாலையும் கம்பம் சாலையும் போடி சாலையும் கூடுகிற இடத்தில் மாடு அவிழ்த்துக் கட்டும் ஒரு வண்டிப்பேட்டை, வாரத்துக்கு ஒரு சந்தை, அவ்வளவுதான். மேலே மலையில் ஆற்றை மறித்துச் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பும் வேலை தொடங்கியிருந்ததால், சுண்ணாம்பும் தளவாடமும் ஏற்றிய வண்டிகள் கூடலூருக்குப் போய்க்கொண்டே இருந்தன. அவற்றைக் கை காட்டி அவன் சொல்வான்: "அந்தத் தண்ணி வந்துச்சுன்னா நம்ம பக்கம் ரெண்டு போகம்லே. அம்புட்டு நெல்லும் இங்கன வந்துதான் மதுரைக்குப் போகணும். அன்னிக்கு இந்த எடத்துல நம்ம ரெண்டு பேரும் உக்காந்திருக்கணும்."

எனக்கு வியாபாரத்தில் ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. நெல்லை வாங்கி நெல்லை விற்பதில் என்ன இருக்கிறது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவனோடு உட்கார்ந்திருப்பது என்பதற்காகத் தலையாட்டினேன். அதை அவனிடம் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருப்பதாகவும் அப்போது தோன்றவில்லை.

புத்தகம் ஒன்றுதான் இருந்தது. என்னுடையதைக் கோபத்தில் மதுரையிலேயே எவனுக்கோ கொடுத்துவிட்டு வந்திருந்தேன். தேனிச் சந்தைக்கு அவன் வெற்றிலை வண்டியிலும் நான் மாமன் வண்டியிலும் வந்து சேர்ந்த முதல் நாளே, புளிய மரத்தடியில் உட்கார்ந்து அவன் தன்னுடைய அல்ஜீப்ராவின் முதுகில் பேனாக்கத்தியை வைத்து இரண்டாக அறுத்தான். முன்பாதி எனக்கு, பின்பாதி அவனுக்கு, முடித்ததும் மாற்றிக்கொள்வது என்று பேச்சு. வீட்டுக்குப் போய் முதல் கணக்கைப் போட்ட பிறகுதான் எங்கள் இருவர் புத்திசாலித்தனமும் விளங்கியது. விடைகள் எல்லாம் புத்தகத்தின் கடைசியில் அல்லவா இருக்கின்றன! பின்பாதி ஜெயமங்கலத்தில் இருந்தது. நான் போட்ட கணக்கு சரியா தப்பா என்று அடுத்த சந்தை வரை எனக்குத் தெரியாது. அவன் பாடும் சுகமில்லை, பின்பாதிக் கணக்குக்கு வேண்டிய விதிகள் எல்லாம் என்னிடம் இருந்தன.

ஆனாலும் நாங்கள் அதை ஒட்டவில்லை. சந்தை நாளில் நான் என் விடைகளைப் படிப்பேன், அவன் கடைசிப் பக்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு நீதிபதி மாதிரித் தலையை அசைப்பான். தப்பானால், "ஏலே, ஒனக்கு மாலை போட்டவுகளக் கூப்பிடு, திருப்பி வாங்கிக்கிடச் சொல்லலாம்" என்பான். சுற்றிலும் மாடுகள் அசைபோடும், மொச்சைக்கு விலை கூவுவார்கள், யாராவது வந்து எங்கள் தாளை எட்டிப் பார்த்து ஜாதகமா என்று கேட்பார்கள். வாரத்தின் மற்ற நாட்கள் எல்லாம் எனக்கு அந்த ஒரு நாளைக்குப் போகிற வழியாகவே இருந்தன.

பரீட்சைக்குக் கொஞ்ச காலமே இருந்தபோது ஒரு சந்தைக்கு அவன் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. மூன்றாவது சந்தையில் அவர்கள் வீட்டு வண்டிக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மேல்துண்டில் சுற்றியிருந்த பின்பாதியை எடுத்து நீட்டினார்.

"மூத்தவுகளுக்கு மலைக்காய்ச்சல். அணை வேலைக்குச் சாமான் ஏத்திக்கிட்டுப் போனாக, அங்கனயே புடிச்சுருச்சு. ஆளு தேற மாட்டாகன்னு சொல்றாக. கொடிக்கால இனி சின்னவுகதான் பாக்கணும். இத உங்ககிட்டக் குடுத்துரச் சொன்னாக."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லா எழுதச் சொன்னாக."

முழுப் புத்தகமும் கைக்கு வந்துவிட்டது. திரும்பி வரும் வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். மாமன் மாட்டைப் பார்த்தபடியே ஓட்டினார், நல்ல மனிதர்.

அவனுடைய அண்ணன் இறந்த செய்தி வந்ததும் கேதம் கேட்க ஜெயமங்கலம் போனேன். அவன் மொட்டைத் தலையோடு ஆண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தான். வழக்கப்படி கையைத் தொட்டேன். கை சில்லென்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். நாங்கள் பேச வேண்டியதெல்லாம் கணக்கைப் பற்றி, சென்னையைப் பற்றி. அதை அங்கே எப்படிப் பேசுவது? பெண்கள் உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். நானும் எழுந்தேன். அவன் தலை நிமிரவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் விடைபெற்றுக்கொள்ள மிகவும் விரும்பிய இடம் அது, வழக்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பரீட்சையைத் தனியாக எழுதினேன். தேறினேன். ஊருக்கு வந்து சொன்னபோது தாயார், "அதான் அப்பவே முடிச்சுட்டியே சாமி, மாலையெல்லாம் போட்டாகளே" என்றார். அவருக்கு என்னவென்று விளக்குவது? பாலை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொடுத்தார். தோற்றதை அறியாதவர்களுக்கு ஜெயித்ததும் தெரியாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

சென்னைக்குப் போனேன். ஏன் போனாய் என்றால் பதில் கொஞ்சம் வெட்கமானதுதான். ஊரில் இருந்தால் சந்தை நாள் வரும். வகுப்பில் நான் இருந்தது கடைசி வரிசை. வர்த்தகர்களின் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து தங்கள் கடைகளைப் பற்றிப் பேசினார்கள். ஒரு நாள் கூட்டு வியாபாரத்தைப் பற்றிப் பாடம் நடந்தது. கூட்டாளி விலகிக்கொண்டால் கூட்டு அத்தோடு முடிந்தது, மீதியிருப்பவர் அதே கடையை அதே இடத்தில் நடத்தினாலும் அது சட்டப்படி வேறு வியாபாரம் என்றார் ஆசிரியர். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. அன்று சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து, நான் யாருடைய ஆசையைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்தேன். படிப்பை விட்டுவிட்டு ஜெயமங்கலத்துக்கே போய், அவன் கொடிக்காலுக்குப் பக்கத்தில் ஏதாவது கடை போட்டுக்கொண்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் மனம் லேசானது. விடுமுறை வரட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி வண்டி பிடித்து, ஊருக்குக்கூடப் போகாமல் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு அதற்குள் கல்யாணமாகியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நான் அதைப் பார்த்தேன், பிரமை இல்லை. ஆனால் அடுத்த நொடியே தெருவில் இறங்கிப் போய்விட்டான். எங்கே போனான் என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, கிராம முன்சீப் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். நடுவீட்டில் போட்டுத் துண்டால் துடைத்தான்.

"உக்காரலாம்" என்றான்.

"எதுக்குலே இது? கீழயே உக்காருறேன்."

"அது நல்லா இருக்காது." உள்ளே பார்த்து, "மெட்ராசுல இருந்து வந்திருக்காக, மோர் கொண்டா" என்று குரல் கொடுத்தான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், அவன் சுவரோரம் நின்றான். கடல் எப்படி இருக்கும் என்று கேட்டான். டிராம் வண்டியைக் குதிரை இழுக்குமா மாடு இழுக்குமா என்று கேட்டான். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சென்னைக்குத் திரும்பிப் போகப் போவதில்லை என்றும், அந்தப் படிப்பே எனக்கு வேண்டியதில்லை என்றும், அவனோடு இங்கேயே இருந்துவிடுவதாகவும் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

அவன் சுவரோரத்திலிருந்து வந்து, நாற்காலிக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தான்.

"ஏலே, நான் ஒண்ணு சொன்னா கேப்பியா?" பழைய குரல். "நீ போயிப் படி. படிச்சு முடி. ஆனா இங்கன வராத. ஒன்னயப் பாத்தா எனக்குக் கொடிக்காலுக்குப் போகப் பிடிக்கல. இன்னிக்கு நீ போயிருவ. நான் ஒரு மாசத்துக்கு மனுசனா இருக்க மாட்டேன். புள்ளைகுட்டிகள வச்சிருக்கேன்லே, அண்ணன் புள்ளைக. எனக்கு அது கட்டாது."

உள்ளிருந்து மோர் வந்தது. அவன் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டான். நான் குடித்து முடித்தேன், குடித்ததும் கிளம்பினேன். வண்டி வரை கூடவே வந்து, மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துவிட்டு நின்றான்.

படிப்பை முடித்தேன். மதுரையில் ஒரு பெரிய வியாபாரியிடம் நிர்வாகம் பார்த்தே என் காலம் போயிற்று. மலைத் தண்ணீர் வந்தது, இரண்டு போகம் விளைந்தது, தேனியில் மண்டிகள் வரிசையாக எழுந்தன, அவற்றில் பலவற்றோடு எனக்குக் கொள்முதலும் இருந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் ஏறி ஆண்டிபட்டி வழியாகவே போனேன். அந்த வழியில் ஜெயமங்கலம் வராது. அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.