‘புடிக்கும்’ ஏழுமலை

காலை ஷிப்ட் பேருந்து படப்பையைத் தாண்டும்போது ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். “நம்ம ஏழுமலை அண்ணன் வுடிகாத்தால தூக்கத்துலயே போய்ட்டாராம்பா” என்றார். பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. “இன்னாப்பா இது, டீக்குப் போனாகூட பத்து நிமிசம் புடிக்கும்னு சொல்ட்டுப் போற மனுசனாச்சே.”

கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரகடம் தொழிற்சாலை எங்களுடையது. அங்கே பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர் ஏழுமலை அண்ணன். எந்த இயந்திரம் நின்றாலும் காதை வைத்துக் கேட்பார். பிறகு தீர்ப்பு வரும். “ரெண்டு மணி நேரம் புடிக்கும். மூணு லிட்டர் ஆயில் புடிக்கும். எனக்கு ஒரு டீ புடிக்கும்.”

அந்தப் பிரிவின் பொறுப்பாளர் பதவி காலியானபோது மேலாளர் ஒரு நிபந்தனை வைத்தார். வெளிநாட்டுத் தலைமையகத்துடன் மாதந்தோறும் நடக்கும் வீடியோ கூட்டத்தில் ஏழுமலை அண்ணன் தாமே ஆங்கிலத்தில் பேச வேண்டும். இல்லையென்றால் வெளியாள் வருவார்.

கேன்டீனில் அண்ணன் தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். உற்பத்தித் திட்டப் பிரிவில் மின்னஞ்சல் எழுதுபவள் நான். சாப்பிடும்போது புத்தகம் படிப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தார்.

“வெளியாள் வந்தா, அவுருக்கு ஸ்பானர் எட்த்துக் குட்த்துகினு நிக்கணும்மா. இத்தினி வருசம் கழிச்சி அது என்னால முடியாது.”

“ரொம்ப சுலபம்ணா. ‘இட் டேக்ஸ் டூ அவர்ஸ்.’ அவ்வளவுதான்.”

“இட்டுன்னா யாரு?”

“யாரும் இல்லண்ணா. அது சும்மா இருக்கும்.”

“சும்மா இருக்கறவன் இன்னாத்துக்கு ரெண்டு மணி நேரம் எடுக்கறான்? வேல செய்றவன் நானு.”

“அப்ப ‘ஐ டேக் டூ அவர்ஸ்’னு சொல்லுங்க.”

“அது நான் சோம்பேறின்ற மாதிரி கீதுமா.”

“‘ஐ நீட்’?”

“நான் எங்கம்மா கேட்டேன்? மெஷின் கேக்குது.”

கடைசியில் ‘தி மெஷின் நீட்ஸ்’ என்பதில் சமாதானம் ஆனோம். கூட்டத்தன்று காலைவரை அதை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்.

அந்த வாரம் பெரிய இயந்திரம் பழுதாகி நின்றிருந்தது. எத்தனை நாளாகும் என்று திரையிலிருந்து தலைமையக அம்மையார் கேட்டார். ஏழுமலை அண்ணன் எழுந்தார். வாய் திறந்தது, ‘நீட்ஸ்’ வரவில்லை. பழகிய ‘புடிக்கும்’ வந்தது, ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு.

“மேடம், திஸ் மெஷின் லைக்ஸ் டூ டேஸ்.”

“லைக்ஸ்?”

“யெஸ் மேடம். ஃபார்ட்டி லிட்டர் ஆயில் ஆல்சோ லைக்ஸ்.”

மேலாளர் மேசைக்கடியில் பேனாவைத் தேடத் தொடங்கினார். அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரே நாளை அதற்குப் பிடிக்காதா என்று கேட்டார்.

ஏழுமலை அண்ணன் யோசித்தார். “ஒன் டே, மேடம் லைக்ஸ். மெஷின் நோ லைக்ஸ்.”

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு நாள் கொடுத்தார். அண்ணனுக்குப் பதவியும் கிடைத்தது. “நீ சரியாத்தாம்மா சொல்லிக் குட்த்த” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். “ஆனா மறந்ததுக்குத்தான் போஸ்ட்டு குட்த்துகிறாங்க.”

அதன்பின் தலைமையகத்திலிருந்து வரும் மின்னஞ்சல்களிலேயே ‘லைக்ஸ்’ புகுந்துவிட்டது. கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். இன்று காலை அதே அம்மையார் எழுதியிருந்தார். இரங்கலுக்குப் பிறகு, தயக்கத்தோடு ஒரு வரி: அடுத்த பொறுப்பாளரை நியமிக்க எவ்வளவு காலம் ஆகும்? ‘இட் வில் டேக் சம் டைம்’ என்று பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன். யாரு அந்த இட்டு என்று எதிரிலிருந்து கேட்பது போலிருந்தது. அழித்துவிட்டு, ‘திஸ் சேர் லைக்ஸ் சம் டைம்’ என்று அனுப்பினேன். புரிகிறது என்று உடனே பதில் வந்தது.

போய் வாருங்கள், அண்ணா. எல்லா மெஷினுக்கும் நீங்களே ஓடினீர்கள். இனியாவது அந்த ‘இட்’டைப் போலச் சும்மா இருங்கள்.